கொழும்பில் நீண்டகாலம் தங்குவதற்கான வீசா, வதிவிடம், இரட்டைப் பிரஜாவுரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து தங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே திரட்டியிருக்கிறோம். கேட்பவர்களில் அதிகம் பேர் கனடா, பிரித்தானியா, ஐரோப்பாவிலிருந்து திரும்பி வருபவர்கள். மற்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களும் மலையகக் குடும்பங்களும். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். கட்டணங்கள் வர்த்தமானி அறிவித்தலோடு மாறிக்கொண்டே இருப்பதால் தொகைகளை எழுதவில்லை. கட்டும் நாளில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கனடா பாஸ்போட். ஆனா பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணம். எனக்கும் வீசா வேணுமோ?

வேணும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, முன்கூட்டியே அனுமதி பெறாமல் விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமை எடுத்த நாளோடு இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும். இதைப் பற்றி ஒரு கடிதமும் வராது. அதனால் பலருக்கு இது தெரிவதே விமான நிலையத்தில்தான்.

லாச்சிக்குள் பழைய இலங்கைக் கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் கிடக்கலாம். அவற்றைக் காட்டி உள்ளே வருவதோ வங்கிக் கணக்கு திறப்பதோ குற்றம். ஆனால் எறிந்துவிட வேண்டாம். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் ஒருகாலத்தில் இலங்கையர் என்பதற்கு அவைதான் சாட்சி.

ஈ.ரி.ஏ. எடுத்திட்டன். அதோட எத்தினை மாசம் இருக்கலாம்?

ஈ.ரி.ஏ. என்பது பயணத்துக்கான முன் அனுமதி. சுற்றுலா வகையில் இறங்கும்போது 30 நாள் கிடைக்கும். அந்த 30 நாள் முடிவதற்குள் திணைக்களத்தின் இணையச் சேவையில் நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வரிசையில் நிற்கத் தேவையில்லை. நீடிப்புக்கும் உச்ச வரம்பு உண்டு, அதுவும் வந்தவர் கேட்கும் அளவுக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒரு வருடம் இருக்க நினைப்பவர் இதை நம்பி வீடு எடுப்பது சரியில்லை.

விண்ணப்பத் தளத்தைக் கவனியுங்கள். 2024 ஏப்ரலில் இணைய வீசா வேலை தனியார் கூட்டு ஒன்றிடம் போனது. ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பர் கடைசியில் பழைய ஈ.ரி.ஏ. முறை திரும்பி வந்தது. அந்தக் குழப்பத்துக்குள் முளைத்த போலித் தளங்கள் பல இன்னும் தேடுபொறியில் மேலே நிற்கின்றன. அரச தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. டொட் எல்.கே.’ என்றுதான் முடியும்.

எங்க போகவேணும்? புஞ்சி பொரளை எண்டு சொல்லினம்.

அது பழைய கதை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் இப்போது பத்தரமுல்லை, ஸ்ரீ சுபூதிபுர வீதியில் உள்ள ‘சுஹுருபாய’ கட்டடத்தில் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177 பஸ் பத்தரமுல்லைச் சந்தியில் இறக்கிவிடும். ஆட்பதிவுத் திணைக்களமும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் இதே கட்டடத்தில்தான். இரண்டு மூன்று வேலைகளை ஒரே நாளில் பார்க்க நினைப்பவருக்கு இது வசதி.

போயா (பௌர்ணமி) தினங்களில் எல்லாம் பூட்டு. சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் கதவு திறந்திருந்தாலும் கையெழுத்துப் போடவேண்டியவர் லீவில் நிற்பார். வீசா முடியும் நாள் விடுமுறைக்குள் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளையே கடைசி நாளாகக் கணக்குப் போடுங்கள். மூலப் பத்திரங்களோடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனால் கீழே பிரதிக் கடைக்கு ஓடவேண்டி வராது. வாசலில் ‘ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்’ என்று வருபவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கவே வேண்டாம்.

வதிவிட வீசா எத்தினை வகை? எனக்கு எது சரி?

வேலை, முதலீடு, மதப் பணி, படிப்பு, இலங்கையரின் கணவன் அல்லது மனைவி, முன்னாள் இலங்கையரும் அவர்களின் பிள்ளைகளும், ஓய்வு பெற்றவர்கள், 1954 இந்திய-இலங்கை உடன்படிக்கையின் கீழ் பதிவுபெற்ற இந்தியர் என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு நிற்பது, எந்த அமைச்சு சிபாரிசு செய்வது என்பது வேறு வேறு. இலங்கையில் பிறந்தவர் முதலில் கேட்கவேண்டியது ‘முன்னாள் இலங்கையர்’ பிரிவைத்தான். ஓய்வூதிய வீசாவுக்குக் காசைப் போட்ட பிறகு இந்தப் பிரிவு இருப்பதை அறிகிறவர்கள் உண்டு.

‘மை ட்ரீம் ஹோம்’ எனப்படும் ஓய்வு வீசா 55 வயது தாண்டியவர்களுக்கு. 15,000 அமெரிக்க டொலர் வைப்பு, மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து 1,500 டொலர், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 750 டொலர் என்பது அதன் நிபந்தனை. இலங்கையில் வேரே இல்லாத வெளிநாட்டவருக்கு இது பொருந்தும். ஊரில் பிறந்தவருக்கு வேறு வழி இருக்கும்போது இது வீண் செலவு.

கம்பெனியில, ‘டூரிஸ்ட் விசால வாங்க சார், வந்தப்புறம் மாத்திக்கலாம்’னு சொல்றாங்க. வரலாமா?

வரவேண்டாம். வேலை வீசாவுக்கு ஒழுங்கு இதுதான்: முதலில் இங்குள்ள நிறுவனம் உங்களுக்காக நுழைவு வீசாவுக்கு விண்ணப்பிக்கும். தொழிலோடு சம்பந்தப்பட்ட அமைச்சின் சிபாரிசும் வேண்டும். முதலீட்டுச் சபையின் கீழ் உள்ள நிறுவனமென்றால் சபையின் வழியாகப் போகும். நுழைவு வீசா கையில் வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். அந்த வீசாக் காலம் முடிவதற்குள் பத்தரமுல்லையில் அதை வதிவிட வீசாவாக மாற்ற வேண்டும்.

சுற்றுலா வீசாவில் வந்தால் பெரும்பாலும் திரும்பப் போய் நுழைவு வீசாவோடு வரச் சொல்வார்கள். அந்த டிக்கெட் செலவு யார் தலையில் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, இடைப்பட்ட நாட்களில் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்வது. சுற்றுலா வீசாவில் வேலை செய்து பிடிபட்டால் நாடு கடத்தலும் கறுப்புப் பட்டியலும் உங்களுக்கு.

மெடிக்கல் செக்கப் வேணுமாமே? ஏதாவது வந்தா வீசா தரமாட்டாங்களா?

வதிவிட வீசாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கான சுகாதாரப் பரிசோதனை 2019இல் தொடங்கியது. சுகாதார அமைச்சும் சர்வதேச புலம்பெயர்வோர் அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. பார்ப்பது நான்கு நோய்கள்: மலேரியா, யானைக்கால் நோய், காசநோய், எச்.ஐ.வி. இலங்கை மலேரியாவையும் யானைக்கால் நோயையும் ஒழித்த நாடாக 2016இல் உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அவை மறுபடி உள்ளே வராமல் பார்ப்பதுதான் நோக்கம். ஆளைத் திருப்பி அனுப்புவது அல்ல.

முன்பதிவு செய்து போகவேண்டும். வீசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கினால் அறிக்கை வருவதற்குள் நாள் போய்விடும்.

பொலிஸ் ரிப்போட் இங்க எடுக்கிறதோ, அங்க எடுக்கிறதோ?

முதல் தடவை வருபவர் இருந்த நாட்டிலிருந்து. இங்கே தங்கியிருந்து புதுப்பிப்பவர் இலங்கைப் பொலிசிடமிருந்து. பிரித்தானியாவில் வேலைக்கு எடுக்கும் ‘டி.பி.எஸ்.’ என்ற குற்றப் பின்னணிச் சான்று இதற்குச் சரிவராது. பொலிஸ் பதிவு அலுவலகமான ‘அக்ரோ’ தரும் சான்றிதழ்தான் குடிவரவுத் தேவைக்கானது. கனடாவில் உள்ளூர்ப் பொலிஸ் பெயரை மட்டும் தேடித் தரும் தாள் போதாது, ஆர்.சி.எம்.பி. எனப்படும் மத்திய பொலிஸ் கைரேகை வைத்துத் தரும் சான்றிதழை எடுங்கள். கொழும்பில் இருந்துகொண்டு கைரேகை அனுப்பி எடுப்பது இழுபறி. புறப்படுவதற்கு முன்னர் அங்கேயே முடித்துவிடுங்கள்.

இலங்கைப் பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு முகவரியும் அந்தந்தப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்குப் போகும். வெள்ளவத்தையில் மூன்று தொடர்மாடிகளில் மாறி மாறி இருந்திருந்தால் மூன்றையும் திகதியோடு எழுதுங்கள். வாடகை வீட்டுக்காரர் பொலிசில் பதியாமல் விட்டிருந்தால் விசாரணை அங்கேதான் மாட்டும்.

பெயர்தான் பிரச்சினை. பிறப்புப் பத்திரத்தில ஒண்டு, பாஸ்போட்டில ஒண்டு. என்ன செய்யிறது?

நம்மவர் விண்ணப்பங்கள் தேங்குவது சட்டத்தால் அல்ல, இதனால்தான். உதாரணத்துக்கு ஒருவரை எடுப்போம். பிறப்புப் பதிவில் பெயர் ‘சண்முகநாதன்’, தகப்பன் பெயர் ‘செல்லையா’. பாடசாலையில் ‘செ. சண்முகநாதன்’. பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் ‘செல்லையா சண்முகநாதன்’ என்று ஒரே வரி. வெளிநாட்டில் குடும்பப் பெயர் ஒன்று கட்டாயம் என்றதும் ஓர் அதிகாரி ‘சண்முகநாதன்’ என்பதைக் குடும்பப் பெயராகவும் ‘செல்லையா’ என்பதை அவருடைய பெயராகவும் எழுதிவிட்டார். அதற்கு மேல் ஆங்கில எழுத்து: ஒரு பத்திரத்தில் ‘எஸ்’ இல் தொடங்குகிறது, இன்னொன்றில் ‘எஸ்-எச்’ இல். பத்தரமுல்லைக் கருமபீடத்தில் இருப்பவருக்குத் தகப்பன் பெயரை முன்னால் போடும் நம் வழக்கம் தெரியவேண்டும் என்றில்லை. அவர் பார்ப்பது இரண்டு ஆட்களை.

தீர்வு, ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்ற சத்தியக் கடதாசி. சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் கையெழுத்து வைப்பது. அதில் ஒவ்வொரு பெயர் வடிவத்தையும் எந்தப் பத்திரத்தில், எந்த இலக்கத்தில் உள்ளதென்று எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். ‘பல பெயர்களால் அறியப்படுகிறேன்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதியதைத் திருப்பிவிடுவார்கள். பிறந்த திகதி வேறுபட்டால் சத்தியக் கடதாசி காணாது. பிழையான பத்திரத்தைத் திருத்த வேண்டும்.

மொழிபெயர்ப்பு செய்யும்போது சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் உங்கள் கடவுச்சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். தமிழ்ப் பிறப்புப் பத்திரத்தை மட்டும் கொடுத்தால் அவர் தன் வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதுவார். நான்காவது வடிவம் ஒன்று பிறந்துவிடும்.

பிறப்புப் பத்திரமே இல்லை. சண்டைக்குள்ள எல்லாம் போட்டுது.

உங்களிடம் இருந்த பிரதிதான் போயிருக்கும். பதிவேடு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையச் சேவையிலோ பிரதேச செயலகத்திலோ விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பிறந்த ஆண்டு, பதிவாளர் பிரிவு, பெற்றோர் பெயரை வைத்துத் தேடச் சொல்லலாம். சகோதரர்களின் பழைய பத்திரத்தில் பதிவாளர் பிரிவின் பெயர் இருக்கும், அதைப் பாருங்கள்.

பதிவேடே இல்லையென்றால் ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்ற முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் உத்தேச வயதுச் சான்றிதழ் போன்ற மாற்று வழிகள் திறக்கும். ஞானஸ்நானப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாம் துணைச் சான்றுகள், தனியே நிற்காது.

மனுசி இலங்கை, நான் பிரெஞ்சு. கோயில்ல தாலி கட்டியாச்சு. மனைவி வழியில வீசா எடுக்கலாமோ?

கோயில் கல்யாணம் கணக்கில் இல்லை, பதிவுத் திருமணச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டில் பதிந்தவர்கள் அந்தச் சான்றிதழை அந்நாட்டு வெளியுறவு அமைச்சிலும் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலும் அத்தாட்சிப்படுத்தி, ஆங்கிலம் அல்லாததை மொழிபெயர்த்துக் கொண்டுவர வேண்டும். இங்கே பதிவு செய்ய நினைத்தால், 2022 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அனுமதி அறிக்கை கேட்கும் நடைமுறை கொண்டுவரப்பட்டது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன்னர் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பேசுங்கள்.

மனைவியின் அடையாள அட்டை, அவருடைய கோரிக்கைக் கடிதம், முகவரிக்கான அத்தாட்சி ஆகியவை கோப்பில் இருக்க வேண்டும். முகவரிக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை எடுத்து, வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். வேலை செய்யலாமா என்று கேட்பவர்கள் கடவுச்சீட்டில் உள்ள வீசாவின் நிபந்தனை வரியைப் படியுங்கள். சம்பளமுள்ள, சம்பளமற்ற எந்த வேலையும் கூடாது என்று எழுதியிருந்தால், மாமாவின் கடையில் உட்காருவதும் அதற்குள் அடங்கும்.

இதெல்லாம் தலையிடி. நேரா இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தா என்ன?

தகுதி இருந்தால் அதுதான் நல்லது. வருடா வருடம் ஓடத் தேவையில்லை. கீழ்க்காணும் பிரிவுகளில் ஒன்றுக்குள் வந்தால் போதும்: 55 வயதைத் தாண்டியவர், கல்வி அல்லது தொழில் தகைமை (குறைந்தது ஒரு வருட டிப்ளோமா) உள்ளவர், இலங்கையில் 25 இலட்சம் ரூபா அல்லது அதற்கு மேல் பெறுமதியான அசையாச் சொத்து உள்ளவர், அதே 25 இலட்சத்தை மூன்று வருட நிலையான வைப்பில் இட்டவர், 25,000 டொலரை மூன்று வருடத்துக்கு வெளிநாட்டு நாணய வைப்பிலோ திறைசேரி முறியிலோ இட்டவர். படித்தவர்களும் 55 தாண்டியவர்களும் வைப்புக்குப் போவது தேவையே இல்லை. இருக்கும் சான்றிதழ் போதும்.

கோப்பில் பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ், இரு கடவுச்சீட்டுகளின் விவரப் பக்கங்கள், திருமணச் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ், பிரிவுக்கான அத்தாட்சி. பெயர் குழப்பம் இருந்தால் மேலே சொன்ன சத்தியக் கடதாசியை முதலிலேயே வையுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்த பிறகு வரிசை மாறக் கூடாது: முதலில் ஆட்பதிவுத் திணைக்களத்தில் அடையாள அட்டை, பிறகு கடவுச்சீட்டு. தேர்தலில் நிற்க ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வரி: 2022இல் நிறைவேறிய 21ஆவது திருத்தத்தோடு இரட்டைப் பிரஜைகள் பாராளுமன்றத்துக்குப் போக முடியாது.

நான் இருக்கிற நாடு இரட்டைக் குடியுரிமைய ஏற்குமோ?

இலங்கை தருவது பாதிதான், மற்றப் பாதி அந்த நாட்டின் கையில். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா ஏற்கின்றன. டென்மார்க் 2015 செப்டெம்பர் 1 முதல், நோர்வே 2020 ஜனவரி 1 முதல், ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் ஏற்கின்றன. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஏற்பதில்லை. இந்த நாடுகளின் பிரஜைகள் இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெற்றால் மற்றதை இழப்பார்கள். அவர்கள் வதிவிட வீசாப் பிரிவுகளைப் பார்க்க வேண்டும். முன்னாள் இலங்கையருக்கு 2015ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த நிரந்தர வதிவிட அந்தஸ்தும் இருக்கிறது.

இன்னும் வெளிநாட்டுக் குடியுரிமை எடுக்காதவர்கள் கவனியுங்கள். எடுப்பதற்கு முன்னரே, இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இழந்து மீட்பதைவிட இது நிம்மதி.

பிள்ளை லண்டனில பிறந்தது. அவனுக்கும் சேர்த்து எடுக்கலாமோ?

கேள்வி ஒன்றுதான்: பிள்ளை பிறந்த அன்று தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையா? ஆம் என்றால் பிள்ளை வம்சாவளிப் பிரஜை. பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ பத்தரமுல்லையிலோ பதிந்திருக்க வேண்டும். தாமதித்தால் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தாய் வழியிலும் உரிமை போகும்.

இல்லை, பெற்றோர் இருவரும் அதற்கு முன்னரே பிரித்தானியப் பிரஜை ஆகிவிட்டார்கள் என்றால் இந்தப் பதிவு சரிவராது. அப்போது 22 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளையாகப் பெற்றோரின் இரட்டைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். 22 தாண்டினால் அந்தக் கதவு பூட்டு. கடைக்குட்டிக்கு 21 நடக்கிறதென்றால் இந்த வருடமே போடுங்கள்.

அம்மாவுக்கு இந்தியன் பாஸ்போர்ட்டு. பொறந்தது, வாழ்ந்தது எல்லாம் நுவரெலியா. வருசா வருசம் வீசா எடுக்கிறோம். வேற வழி இல்லையா?

வழி இருக்கலாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை தருகிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் விசேட பிரகடனம் ஒன்றில் கையெழுத்து வைத்து இதற்குள் வர இடம் வைத்தார்கள். தொடர்ந்து இங்கேயே இருந்ததற்குத் தோட்ட நிர்வாகத்தின் பழைய பதிவுகள், ஊழியர் சேமலாப நிதி அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் உதவும். பிரஜாவுரிமை கிடைத்தால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், மேலே சொன்னபடி இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதற்குள், 1954 உடன்படிக்கையின் கீழ் பதிவுபெற்றவரா என்று பார்த்து அந்தப் பிரிவில் வீசாவைத் தொடருங்கள்.

மூண்டு மாசத்துக்கு ஒருக்கா சென்னைக்குப் போட்டு வந்தா கணக்கு புதுசாத் தொடங்கும்தானே?

ஓரிரு தடவை தொடங்கும். பிறகு கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதிகாரி முத்திரைகளை எண்ணத் தொடங்குவார். ஈ.ரி.ஏ. இருந்தாலும் உள்ளே விடுவது அவருடைய தீர்மானம். சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு வெள்ளவத்தையில் வாடகை உடன்படிக்கையும் பிள்ளைக்குப் பாடசாலையும் வைத்திருந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

காலம் கடந்து நின்றுவிட்டால் வீசாக் கட்டணத்தோடு டொலரில் தண்டமும் விழும். விமானத்தன்று கட்டுநாயக்கவில் கட்டிவிடலாம் என்று போய் விமானத்தை விட்டவர்கள் உண்டு. தெரிந்த அன்றே பத்தரமுல்லைக்குப் போய்க் கட்டுங்கள்.

பிளாட் வாங்கினா வீசா தருவினமோ? காணி வாங்கலாமோ?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பெயரில் காணி உறுதி எழுத முடியாது. தொடர்மாடியில் வீடு வாங்கலாம். முழுத் தொகையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்து, உறுதி முடிப்பதற்கு முன்னரே கட்டப்பட்டிருக்க வேண்டும். உள்முக முதலீட்டுக் கணக்கின் வழியாகப் பணத்தைக் கொண்டுவந்தால்தான் பின்னாளில் விற்ற காசை வெளியே அனுப்பலாம். உறவினர் கணக்குக்கு அனுப்பி ரூபாவாகக் கொடுத்தவர்கள் இந்த இடத்தில் மாட்டுகிறார்கள்.

தாய் தகப்பனின் காணி வழியுரிமையாக வந்தால் தடை இல்லை. இரட்டைப் பிரஜைக்கும் தடை இல்லை. தங்கையின் பெயரில் எழுதி வைத்து நம்பிக்கையில் விடுவது குடும்ப விஷயம், சட்டம் உங்களைக் காப்பாற்றாது.

வரி கட்டவேணுமோ? எனக்குப் பென்சன் மட்டும்தான்.

வரிக்கும் வீசாவுக்கும் தொடர்பு இல்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான வரி ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது 12 மாத காலத்தில் மொத்தம் 183 நாளோ அதற்கு மேலோ இலங்கையில் நின்றால் நீங்கள் வரி வதிவாளர், வீசா எதுவானாலும். வதிவாளரின் உலகளாவிய வருமானம் கணக்கில் வரும். கனடா, பிரித்தானியா, இந்தியா உட்படப் பல நாடுகளோடு இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை உண்டு. ஓய்வூதியம் எந்த நாட்டில் வரிக்கு உட்படும் என்பது அந்தந்த உடன்படிக்கையில் எழுதியிருக்கும். வரிசெலுத்துநர் இலக்கம் எடுக்கும்போது ஒரு கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்.

பாஸ்போட் முடியுது, வீசா இன்னும் எட்டு மாசம் இருக்கு. புதுசு எடுத்தா வீசா போயிடுமோ?

போகாது, ஆனால் அது பழைய புத்தகத்தில்தான் ஒட்டியிருக்கும். தூதரகத்தில் புதியதை எடுக்கும்போது பழையதை மூலை வெட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள், வீசாப் பக்கம் வெட்டுப்படாமல். பிறகு இரண்டையும் பத்தரமுல்லைக்குக் கொண்டுபோய்ப் புதியதில் குறிப்பு வைத்துக்கொள்ளலாம். அதுவரை வெளியே போனால் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். புதுக் கடவுச்சீட்டில் பெயரின் எழுத்து மாறியிருக்கிறதா என்று தூதரக வாசலிலேயே திறந்து பாருங்கள். மாறியிருந்தால் சத்தியக் கடதாசியில் இன்னொரு வரி சேர்க்க வேண்டி வரும்.